கொல்லன் பட்டறையில் தொங்கிய இலை

கனடாவிலிருந்து எனக்கு அவ்வப்போது கடிதங்கள் வருவதுண்டு. கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையிலே நான் தமிழும் சரித்திரமும் படிப்பித்த காலத்து மாணவர் சிலர் இன்னும் என்னை மறவாதிருக்கின்றனர். திருமணச் செய்தி, மரணச் செய்தி, பிறந்த குழந்தைக்கு நல்ல தமிழ்ப் பெயரொன்று தெரிந்து தரும்படி வேண்டுகோள் என்பனவே பெரும்பாலும் அக்கடிதங்களின் பொருளாக இருக்கும். சென்ற ஆண்டு வைகாசியில் வந்த கடிதமோ வேறு வகையானது. "சேர், காட்டு வான்கோழியை வில்லால் வேட்டையாடுவதற்கு எவ்வகையான அம்பலகைத் தெரிவு செய்ய வேண்டும்?" என்று அதிலே கேட்கப்பட்டிருந்தது.

நான் வெள்ளவத்தையில் வசிப்பவன்; மரக்கறி உண்பவன்; வாழ்நாளில் ஒரு கவணைத்தானும் கையாலெடுத்து அறியாதவன். காலி வீதியைத் தாண்டிக் கடற்கரைவரை மாலையில் நடந்து திரும்புவதே என் வீரச் செயல். என்னிடம் ஏன் இந்தக் கேள்வி என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. கடிதத்தை முற்றும் படித்தபின் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

அம்மாணவர் கொட்டாஞ்சேனையிலே பிறந்து வளர்ந்தவர். நத்தாருக்கென்று அயல்வீட்டு முற்றத்திலே வளர்க்கப்பட்ட வான்கோழியையன்றி வேறு வான்கோழியை அவர் இங்கே கண்டவரல்லர். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் பெற்றோருடன் புறப்பட்டு ஒன்ராறியோ மாகாணத்திலே நிலைகொண்டார். அங்கே வான்கோழி காட்டுப் பறவை. அமெரிக்கக் கண்டமே அதன் தாயகம். காடுகள் அழிக்கப்பட்டமையாலும் அளவின்றி வேட்டையாடப்பட்டமையாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஒன்ராறியோவில் அப்பறவை அற்றுப் போயிற்று. பின்னர் 1984ஆம் ஆண்டு முதல் அயல் மாநிலங்களிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டு மீண்டும் பெருகியது. "அந்தப் பறவையும் நானும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த மாகாணத்துக்கு வந்தவர்கள்" என்று அவர் எழுதியிருந்தார்.

வசந்த காலத்தில், மார்பிலே தாடிபோல் மயிர்க்கற்றை தொங்கும் பறவையை மட்டும் அனுமதிச் சீட்டுப் பெற்று வேட்டையாட அங்கே சட்டம் இடங்கொடுக்கின்றது. மாணவர் சில ஆண்டுகளாக வில்வித்தை பழகி வந்தவர். சென்ற வசந்தத்திலே தம் இளைய மகளையும் அழைத்துக்கொண்டு விடியுமுன் காட்டோரம் சென்று மறைந்திருந்தார். சேவலொன்று வந்தது. முப்பத்தைந்து யார் தூரமிருக்கும். மான் வேட்டைக்கென்று வைத்திருந்த ஒடுங்கிய அலகு பூட்டிய அம்பை எய்தார். அம்பு பட்டது, பட்ட ஓசையும் கேட்டது. ஆயினும் பறவை விழவில்லை. எழுந்து, மரங்களுக்கு மேலாகப் பறந்து மறைந்தது. பொழுது சாயும்வரை தந்தையும் மகளும் தேடினார்கள். ஒரு துளி இரத்தங்கூட நிலத்திலே காணவில்லை. வீடு திரும்பும் வழியில் அந்தப் பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, அது இப்ப எங்கே இருக்கும்?"

அந்தக் கேள்வியைத்தான் அவர் எனக்கு அனுப்பியிருந்தார். அம்பலகு பற்றிய கேள்வி அதன் மேலுறை. தொடர்ந்து அவர் எழுதியது இது: "கடையிலே இருபது வகை அலகுகள் தொங்குகின்றன. எதை எடுப்பதென்று தெரியவில்லை. அப்போது நீங்கள் வகுப்பில் சொன்ன வேடர் கதை நினைவுக்கு வந்தது. இலையை வெட்டித் தொங்கவிட்டார்களே, அந்த மனிதர்களுக்குத் தமக்கு எந்த அலகு வேண்டுமென்று தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை, சேர்."

வாசகர்களிற் பலர் அக்கதையை அறிந்திருப்பர். திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவிலே 1660ஆம் ஆண்டு சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், கண்டி அரசனின் நாட்டிலே பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனிலே தன் நூலை வெளியிட்டான். காட்டிலே வாழ்ந்த வேடரைப் பற்றி அந்நூலில் ஒரு செய்தி உண்டு. அவர்களுக்கு அம்பு தேவைப்பட்டால், இரவிலே இறைச்சியைச் சுமந்துவந்து ஊர்க் கொல்லனின் பட்டறையிலே தொங்கவிடுவார்கள். அதன் பக்கத்திலே, எவ்வடிவில் அம்பு வேண்டுமோ அவ்வடிவாக வெட்டிய இலையொன்றையும் தொங்கவிடுவார்கள். கொல்லன் அந்த இலைப்படி செய்து அதே இடத்தில் வைத்தால் மேலும் இறைச்சி கொண்டுவந்து கைம்மாறு செய்வார்கள். செய்யாவிட்டால் என்றாவது ஓரிரவு அம்பெய்து அவனுக்குத் தீங்கு விளைப்பார்கள். நொக்ஸ் சொல்லுவது இவ்வளவே.

இதை நான் எவ்வாறு படிப்பித்தேன் என்பதை இப்போது நாணத்துடன் சொல்ல வேண்டியிருக்கின்றது. கதையின் கடைசிப் பகுதியையே நான் நீட்டி முழக்கினேன். இருளிலே பாயும் அம்பு, நடுநடுங்கும் கொல்லன், முகங்காட்டாத முரட்டு மனிதர்! பையன்கள் வாய்பிளந்து கேட்டார்கள். கரும்பலகையிலே "நாகரிகம் அறியா மக்கள்" என்று தலைப்பிட்டதும் எனக்கு நினைவிருக்கின்றது. இலையைப் பற்றி ஒரு வசனத்துக்கு மேல் நான் சொல்லியிருக்கமாட்டேன். பின்வரிசையிலிருந்த ஒரு பையன் மட்டும் என் நாடகத்தையெல்லாம் மறந்து இலையைப் பிடித்துக்கொண்டான். நாற்பதாண்டு கழித்து அவன் அதை என் முன்னே நீட்டியபோது, அவன் படித்ததை நான் அன்று படிக்கவில்லை என்பது புலனாயிற்று.

கொல்லாமையைப் பற்றி நான்கு வரி எழுதிக் கடிதத்தை முடித்திருக்கலாம். அஃது எனக்கு எளிது. ஆனால் அவர் கேட்டது கொல்லலாமா என்பதன்று. கொல்லத் துணிந்தவன் குற்றுயிராய்ப் பறக்கவிடாதிருக்க என்ன செய்ய வேண்டும் என்பது. அதற்கு விடை தேட வேண்டுமாயின் நான் சிறிது படித்தாக வேண்டும். அவர் அனுப்பிய படங்களையும் விளக்கங்களையும் எடுத்துக்கொண்டு, எங்கள் பகுதியிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு ஒரு வாரம் போய் வந்தேன்.

மானுக்குப் பொருந்தும் அலகு வான்கோழிக்கு ஏன் பொருந்தவில்லை என்பது முதலில் விளங்கிற்று. மானின் நுரையீரல் பெரியது. கூரிய அலகு ஊடுருவிச் சென்றால், ஓடினாலும் நெடுந்தூரம் ஓடாது. நிலத்திலே இரத்தச் சுவடு வழிகாட்டும். வான்கோழி பார்வைக்கு மட்டுமே பெரிய பறவை. அதன் உடலிலே பெரும்பகுதி இறகு. இதயமும் நுரையீரலும் அடங்கிய இடம் ஒரு கைப்பிடி அளவினதே. அதற்கு முன்னே சிறகின் வலிய எலும்பு காவல் நிற்கின்றது. வடியும் இரத்தத்தை இறகு உறிஞ்சிக்கொள்ளும், சுவடு விழாது. அத்துடன், காயப்பட்ட மான் ஓடவேண்டும். காயப்பட்ட வான்கோழியோ பறந்துவிடும். ஒடுங்கிய அலகு, சிறிது விலகித் தைத்தால், ஊசி துணியிலே போவதுபோல் போய்விடுகின்றது. மாணவருக்கு நேர்ந்தது இதுவே.

கடையிலே தொங்கும் இருபது வகையும் மூன்று குலத்துக்குள் அடங்குமென்று அவ்விளக்கங்களிலிருந்து கண்டுகொண்டேன். முதலாவது நிலையான அலகு. இரண்டோ மூன்றோ நான்கோ தகடுகள் அசையாது பொருத்தப்பட்டிருக்கும். வெட்டு ஓர் அங்குலம், அல்லது அதற்குச் சற்று மேல். பழுதாவதற்கு அதில் ஒன்றுமில்லை, எலும்பையும் தாங்கும். இரண்டாவது விரியும் அலகு. பறக்கும்போது தகடுகள் மடிந்திருக்கும். தைத்தவுடன் விரிந்து ஒன்றரை, இரண்டு அங்குல அகலத்துக்கு அறுக்கும். சிறு பிழையை அந்த அகலம் பொறுத்துக்கொள்ளும். ஆயினும் விரிவதற்கே அம்பின் விசையில் ஒரு பங்கு செலவாகும். இழுவை குறைந்த வில்லுக்கு அது நட்டம். மூன்றாவது கழுத்துக்கென்றே செய்த பேரலகு. மூன்று நான்கு அங்குல அகலத்துக்குத் தகடுகள் குறுக்காக நீண்டிருக்கும். உடலை நோக்கி எய்வதற்கல்ல. தலையையும் கழுத்தையும் துணிப்பதற்கு.

இந்த மூன்றாவது வகையைக் கண்டவுடன் எனக்கு வியப்பு ஒருபுறம், பழகிய முகத்தைக் கண்ட மகிழ்ச்சி ஒருபுறம். நம் இலக்கியத்திலே அதற்குப் பெயருண்டு. பிறைபோல் வளைந்த வாயையுடைய அம்பைப் பிறையம்பு என்றார்கள். யப்பானியரும் பறவை வேட்டைக்குக் கவர்பட்ட வாயுடைய அம்பைக் கையாண்டிருக்கின்றனர். குத்தித் துளைக்காத மழுங்கல் முனைக்கு மொட்டம்பு என்று பெயர். நாண் பொருந்தும் வெட்டுக்குக் குதை என்று பெயர். ஆங்கிலத்திலே 'அகன்ற தலை' என்று அவர்கள் அழைப்பதை நாம் அலகு என்கிறோம். இச்சொல் எத்தனை அழகானது! பறவையின் மூக்கும் அலகு. படைக்கலத்தின் வாயும் அலகு. அளத்தற்குரிய கூறும் அலகு. அளந்து தெரிவு செய்யவேண்டிய பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

அளவென்று சொன்னதும் இன்னொன்று. அங்கே அம்பலகை 'கிரெயின்' என்னும் நிறையால் விற்கின்றார்கள். தானியமணி என்பதே அச்சொல்லின் பொருள். நம்மவர் நெல்லெடை என்று நிறுத்ததைப் போன்றது. நூறு கிரெயின் ஆறரைக் கிராம். நூற்றிருபத்தைந்து கிரெயின் எட்டுக் கிராமுக்குச் சற்று மேல். எட்டுக் கிராம் என்பது செட்டியார் தெரு நகைக்கடையிலே நாம் வாங்கும் ஒரு பவுண். ஆகவே ஓர் உயிரின் முடிவை நிச்சயிக்கும் இரும்பு, ஒரு பவுண் பொன்னுக்கு நிகரான எடையே உடையது. அந்த எடையிலே சிறிது கூடினாலும் குறைந்தாலும் அம்பின் சமநிலை மாறும். ஆகவே பழகும்போதும் அதே எடை, அதே அலகு. மொட்டை முனையால் மாதக்கணக்கிற் பழகிவிட்டு, வேட்டையன்று புதிய அலகைப் பூட்டுபவன் தன் பயிற்சியை வீட்டிலே விட்டுச் செல்கின்றான்.

வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் ஊடுருவிச் சென்றதைப் புறநானூறு போற்றுகின்றது. அதனை வியந்தே வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் வேட்டையிலே விசை ஒன்றே வித்தையன்று என்பதை வேடர் வாழ்க்கை காட்டுகின்றது. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட 'வேடர்' என்னும் ஆங்கில நூலை மறுபடியும் புரட்டினேன். ஆளுயர வில், இரும்பலகு பூட்டிய, இறகு கட்டிய அம்பு, அலகுகளோ ஒரே அளவினவல்ல. சிறியனவும் பெரியனவும் இருந்தன. மிக நீண்ட அலகுடையவை தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டுச் சடங்குக்கு எடுக்கப்பட்டன. மரையையும் மானையும் பன்றியையும் எய்த மக்கள் அவர்கள். தூரத்திலிருந்து எய்து புகழ் தேடுவதைவிட, காற்றையும் சருகையும் அறிந்து அருகே செல்வதே அவர்களுடைய கலை.

இப்போது அந்த இலையை எண்ணிப் பாருங்கள். எழுத்தில்லை, அளவுகோலில்லை, கொல்லனோடு பேச்சுமில்லை. ஆயினும் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, தோள் இங்கே சரியவேண்டும், நுனி இப்படிக் கூரவேண்டும் என்பதெல்லாம் அந்த ஓர் இலையிலே அடங்கியிருக்கின்றன. அது படமும் ஆயிற்று, அளவும் ஆயிற்று. வாடினால் சுருங்கும், ஆகவே கொல்லனும் காலந்தாழ்த்த முடியாது. அதை வெட்டியவன் இருளிலே இறைச்சியை வைத்துவிட்டு ஓடிய காட்டுமிராண்டி அல்லன். எந்த விலங்கை, எவ்வளவு அருகில் நின்று, எந்த வில்லால் எய்யப்போகின்றான் என்பதை முன்னரே அறிந்தவன். இல்லாவிட்டால் இலையை எந்த வடிவில் வெட்டுவான்? கடையிலே இருபது வகை தொங்கும்போது ஒன்றும் தெரியாமலே ஒன்றை வாங்கிவிடலாம். வெற்று இலையையும் கத்தியையும் கையிலே வைத்துக்கொண்டு நிற்பவனுக்கு அந்த வசதி கிடையாது.

கொல்லனை அச்சுறுத்திய செய்தி பொய்யென்று நான் சொல்லவில்லை. நொக்ஸ் எழுதியது எழுதியதே. ஆனால் அச்செய்தியை மட்டும் பெரிதாக்கி, இலையைச் சிறிதாக்கியது என் குற்றம். இது நூலோடு முடியும் குற்றமாயின் இவ்வளவு வருந்தமாட்டேன். அந்த மக்களின் வழித்தோன்றல்கள் நம்மிடையே வாழ்கின்றனர். மதுறு ஓயாப் பகுதி 1983ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது, அவர்கள் தலைமுறைகளாக வேட்டையாடிய காட்டிலே வில்லோடு நுழைவதே குற்றமாயிற்று. தம்பானை முதியவர் திசாஹாமி, 1998இல் இறக்கும்வரை தம் மண்ணைவிட்டு அகல மறுத்தார். அவர் மகன் வன்னியலா அத்தோ 1996இல் ஜெனீவாவரை சென்று, ஐக்கிய நாடுகள் மன்றில் தம் மக்களுக்காகப் பேசினார். கிழக்குக் கரையிலே வாகரைப் பக்கம் வாழும் வேடரோ நம்மைப்போலத் தமிழ் பேசுகின்றவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் படிப்பதும் தமிழ்ப் பாடசாலையிலேயே. "நாகரிகம் அறியா மக்கள்" என்று கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், அந்த வகுப்பிலே யார் இருக்கின்றார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நன்று. என் வகுப்பில் யார் இருந்தார்கள் என்று நான் பார்த்ததில்லை. காட்டை இழந்த அந்த மக்களும், வீட்டை இழந்த என் மாணவரும் ஒரே ஆண்டில் இழந்தவர்கள் என்பதும் இதை எழுதும்போதுதான் எனக்குத் தோன்றுகின்றது.

மாணவருக்கு நான் எழுதிய மறுமொழி நீண்டதன்று. அதன் சாரத்தை இங்கே தருகின்றேன்.

"அலகைக் கடைசியாகத் தெரிவு செய்யுங்கள். முதலிலே தூரத்தைத் தெரிவு செய்யுங்கள். முப்பத்தைந்து யாரை மறந்துவிடுங்கள். இருபது யாருக்குள் வந்தாலன்றி நாணைத் தொடுவதில்லையென்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து உங்கள் வில்லின் வலிமையை உள்ளபடி ஒப்புக்கொள்ளுங்கள். இழுவை போதுமாயின், உடலுக்கு எய்வதற்கு விரியும் அகன்ற அலகு. போதாதாயின், நிலையான அலகிலே கூடிய அகலமுள்ளது. கழுத்துக்குரிய பேரலகிலே ஒரு நியாயம் இருக்கின்றது: பட்டால் பறவை அங்கேயே வீழும், தவறினால் பெரும்பாலும் முழுமையாகத் தப்பும். குற்றுயிராய்ப் பறக்கும் நிலை அதிலே குறைவு. ஆனால் அசைந்துகொண்டே இருக்கும் தலையைக் குறிவைக்க வேண்டும். அத்தனை அகன்ற தகடு காற்றிலே தடுமாறும். பத்துப் பதினைந்து யாருக்குள், அதே அலகால் பலநாள் பழகி, பத்துக்குப் பத்தும் படுகின்ற கைக்கே அது உரியது. எந்த அலகாயினும் மயிரை அறுக்கும் கூர் இருக்கவேண்டும். மழுங்கிய அலகு வேதனையைத் தரும்; முடிவைத் தராது. இவ்வளவையும் எண்ணியபின், ஒரு கடதாசியிலே உங்களுக்கு வேண்டிய அலகைச் சரியான அளவில் வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். வெட்ட முடியவில்லையாயின், இந்த வசந்தத்திலே வேட்டைக்குப் போகவேண்டாம்."

கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: "இலையைப் பற்றி நீங்கள் எனக்குப் படிப்பித்தீர்கள். மிக்க நன்றி."

இவ்வாண்டு வைகாசி முடிவிலே பதில் வந்தது. மகளும் தந்தையும் ஒரு மட்டைத் தாளிலே நாலைந்து வடிவங்களை வெட்டிப் பார்த்தார்களாம். இறுதியிலே இரண்டங்குலம் விரியும் அலகொன்றை வாங்கி, குளிர்காலம் முழுவதும் அதனாலேயே பழகினார்களாம். வேட்டைநாளன்று அதே காட்டோரத்திலே அழகிய சேவலொன்று வந்தது. சிறகை விரித்து ஆடிற்று. முப்பது யாருக்கு இப்பால் வரவில்லை. அரைமணி நேரம் நின்று, திரும்பிப் போய்விட்டது. அம்பு தூணியைவிட்டு வெளியே வரவில்லை.

"மகள் ஒன்றும் கேட்கவில்லை, சேர்" என்று எழுதியிருந்தார். "அது எங்கே போனது என்று இம்முறை இருவருக்கும் தெரிந்திருந்தது."

அவர் வான்கோழி எய்தாரா இல்லையா என்பதை அடுத்த வசந்தம் சொல்லும். நான் இனி வகுப்பறைக்குப் போகப்போவதில்லை. போகின்றவர்களுக்காக இதை எழுதினேன். நொக்ஸின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அம்பு பாய்வதற்கு முன்னே அந்த இலையண்டை சிறிது நேரம் நின்று சொல்லுங்கள்.